சந்தவை வெளிக்குப் போன காலை

பயப்படாதீங்கம்மிணி, மூடி இறுக்கமாத்தான் இருக்குது. நாலு பக்கமும் கிளிப்பு. இந்த ஓட்டையெல்லாம் காத்துக்கு. உங்க பூனையும் ஒண்ணும் பண்ணாது, இதுவும் ஒண்ணும் பண்ணாது. இது நல்லாத் தூங்குது. எனக்குத்தான் காலையில இருந்து நிக்க முடியலை, உக்கார முடியலை, யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆகும்போல இருக்குது. டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். சித்த இப்படித் தள்ளி உக்காருங்க, சொல்றேன்.

நோவெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சந்தோஷமான சமாச்சாரந்தான். இதோ, இந்தக் குட்டி டப்பாவுல இருக்குது பாருங்க, இதை டாக்டர்கிட்டக் காட்டத்தான் வந்தேன். இல்லைங்க, திறக்கலை. முதல்ல கதையைக் கேளுங்க, அப்புறம் நீங்களே திறந்து காட்டுங்கம்பீங்க.

எம்பேரு சரோஜினி. காந்திபுரத்துல மெஸ் வெச்சிருக்கோமுங்க, இருபத்தாறு வருசமாச்சு. சுத்த சைவம். முட்டை கூட உள்ள வராது. நம்ம வாசப்படி ஏறினவங்க யாரும் வெறும் வயித்தோட இறங்கினதில்லை. கரண்டு ரீடிங் எடுக்க வர்றவர் கூட ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் மீட்டரைப் பாக்கணும். கூரியர்க்காரர் ஒருத்தர் இருந்தார், நெம்ப நல்ல மனுசன், தினமும் புடிச்சு உக்கார வெச்சுப் போடுவேன். மூணே மாசத்துல வேற ஏரியா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

எம்பையன் பிரகதீசுக்குப் போன ஆவணியில கல்யாணம் ஆச்சுங்க. மருமக பேரு யாமினி. ஈரோட்டுப் புள்ள. கம்ப்யூட்டர்ல படம் வரையற வேலை. நல்ல புள்ளதான், குறை சொல்லலை. ஆனா சாப்பிட மாட்டா. ரெண்டு தோசை வெச்சா ஒண்ணை எடுத்து ஓரத்துல வெச்சிருவா. நான் விடுவேனுங்களா? பக்கத்துலயே நின்னு, இன்னொரு கரண்டி சட்னி, இன்னும் சித்த நெய்யின்னு கேட்டுட்டே இருப்பேன். தட்டைப் பாப்பேன், வாயைப் பாப்பேன், தொண்டையில இறங்குதான்னும் பாப்பேன். அவ தலை நிமிராம, நகத்தளவு பிச்சுப் பிச்சு வாயில போடுவா. அத்தனை அக்கறையாப் பாத்தும் புள்ள இளைச்சுட்டேதான் போனா. இருநூறு பேருக்கு ஆக்கிப் போடற கை, சொந்த மருமகளுக்குப் புடிக்கலையேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சங்கட்டம். யார்கிட்டச் சொல்றது?

மார்கழியில ஒரு நாள் அவளா வந்து, அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களான்னா. வந்து நாலு மாசத்துல அவ என்கிட்ட வாயத் திறந்து கேட்ட முதல் விசயம் அதுதான். எனக்கு நெம்ப நாளா ஒரு பைத்தான் வேணும்னு ஆசை, எங்கப்பா வீட்டுல விடலை, இங்க வெச்சுக்கட்டுமான்னா. பைத்தான்னா எனக்குத் தெரியுமேங்க. நம்ம மெஸ்ல சாப்பிடற பசங்கள்ல பாதிப் பேரு அதைத்தான் படிக்கறாங்க. கம்ப்யூட்டர் படிப்பு. நல்லாப் படி கண்ணு, இதுக்கெல்லாம் கேக்கணுமான்னுட்டேன். அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. படிப்புன்னா இவ்வளவு உசுரான்னு நானும் நெகிழ்ந்து போயிட்டேன்.

அடுத்த வாரம் பெட்டியோட வந்தா.

எட்டிப் பாத்தேனுங்க. ஒரு முழ நீளம், என் கட்டை விரல் தடிமன். கறுப்புல தங்கக் கலர் திட்டுத் திட்டா. குட்டி. பொறந்து மூணு மாசமாம். நான் சரின்னு சொல்லியாச்சு, சொன்ன வாக்கை எப்படி மாத்தறது? எம்பையன் படியிறங்கி ஓடினவன் அன்னிக்குச் சாயங்காலந்தான் வந்தான். இது நம்மூரு மலைப்பாம்பு இல்லைங்க, அதை வெச்சிருந்தா ஜெயிலு. இது ஆப்பிரிக்காக்காரி. கவர்மெண்டுல பதிஞ்சு, காகிதமெல்லாம் பக்காவா இருக்குது. அவ அதுக்கு நூடுல்ஸ்னு பேரு வெச்சிருந்தா. நம்ம மெஸ்ல நூடுல்ஸே போடறதில்லைங்க. நான் சந்தவைன்னு வெச்சேன், இடியாப்பம்பாங்களே, அதுதான். சுருண்டு படுத்தா அப்படியே நாழியில புழிஞ்சு இலையில வெச்ச சந்தவைதான்.

மாடியில சின்ன ரூம்ல வெச்சா. சமையக்கட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, படி கூடத் தனி. அதுக்குன்னே ஒரு குட்டி ஃப்ரீசர், சூட்கேஸ் உசரம். அதுக்குள்ள பாக்கெட்டுப் பாக்கெட்டா ஐஸ்ல வெச்ச வெள்ளை எலிக்குஞ்சு. ஆமாங்கம்மிணி, சைவ மெஸ் மாடியில. இது மட்டும் கஸ்டமருங்க காதுக்குப் போச்சுன்னா இருபத்தாறு வருசம் ஒரு நாள்ல முடிஞ்சிரும். அதனால யார்கிட்டயும் மூச்சு விடலை.

தை கடைசியில அவளை ஆபீசுல புனேக்கு அனுப்பினாங்க. ரெண்டு மாச வேலை. போறதுக்கு முன்னால எனக்குப் பாடம் நடத்தினா. பெட்டியில ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒரு பொந்து. ஈரம் காட்டற ஒரு டயலு, முள்ளு அறுபதுக்குக் கீழ போகக் கூடாது. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு எலி, சுடுதண்ணியில பாக்கெட்டோட போட்டுப் பதமாக்கி, இடுக்கியில புடிச்சு நீட்டணும். அப்புறம் செவுத்துல ஒரு வெள்ளை உருண்டை மாட்டியிருந்தா. எலுமிச்சம்பழம் அளவு, நடுவுல கறுப்பா ஒரு கண்ணு, பச்சையா ஒரு லைட்டு. அத்தை, அதை மட்டும் கழட்டிடாதீங்க, நான் பாத்துக்குவேன்னா. நான் எதுக்குங்க கழட்டறேன்? கொசு விரட்டற மிஷினுன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. நல்ல கம்பெனியாட்டம் இருக்குது. நான் ரூம்ல இந்தப் பக்கம் நடந்தா இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் நடந்தா அந்தப் பக்கம் திரும்பும். கொசு எங்க இருக்குதுன்னு தேடுமாட்டம்.

கார் ஏறும்போது என் கையைப் புடிச்சுட்டு, "உங்களை நம்பித்தான் அத்தை விட்டுட்டுப் போறேன்" அப்படின்னா.

முதல் ஞாயித்துக்கிழமை. மூக்குல துண்டைக் கட்டிட்டு, கையில உறை மாட்டிட்டு, தனிப் போசியில தண்ணி காய வெச்சேன். அதுக்கு முன்னால ஒரு குளியல், பின்னால ஒரு குளியல். எலியை நீட்டினேனுங்க. சந்தவை பாத்துச்சு. நாக்கை நீட்டுச்சு. திரும்பிப் படுத்துக்குச்சு.

எனக்குப் பொக்குனு போச்சு. இன்னும் பக்கத்துல நீட்டினேன். மூக்குல லேசாத் தட்டினேன். அது சுருண்டு தலையை உள்ள இழுத்துக்குச்சு. ஒரு மணி நேரம் எதுக்கவே உக்காந்து பாத்தேன். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, சாப்பிடு சாமி, ஒரு வாயின்னு கெஞ்சினேன். ம்ஹூம்.

சாயங்காலம் யாமினி போன் பண்ணினா. சாப்பிட்டுச்சுங்களா அத்தைன்னா. நல்லா சாப்பிட்டுச்சு கண்ணுன்னு என் வாய் தானாச் சொல்லிருச்சு. நான் பொய் சொல்ற ஆளில்லைங்க. ஆனா என் வீட்டுல ஒரு உசுரு சாப்பிடலைன்னு என் வாயால சொன்னதே கிடையாது, சொல்ல வரலை. நெசமாவாங்கன்னு ஒரு தடவை கேட்டா. அப்புறம், சரிங்க அத்தைன்னா. பாவம், நம்பிட்டா.

அப்புறம் யோசிச்சேன். அந்த ரூம் புழுக்கம், அதான் பசியெடுக்கலைன்னு பெட்டியைத் தூக்கி ஃபேனுக்கு நேர் கீழ வெச்சு, மூடியைப் பாதி திறந்து, வலை போட்டு, காத்தாட விட்டேன். டயல்ல முள்ளு மளமளன்னு இறங்கி முப்பத்தஞ்சுக்கு வந்துச்சு. அறுபதுக்குக் கீழயா மேலயான்னு அவ சொன்னது அப்ப மறந்து போச்சு, எனக்கு நெம்ப சந்தோஷம். எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை குறைஞ்ச மாதிரி, குறைஞ்சா நல்லதுதானேன்னு இருந்துட்டேன். அன்னிக்குப் பாத்து யாமினி கூப்பிட்டு, அத்தை, ஃபேன் கீன் போட்டுடாதீங்கன்னா. சேச்சே, போடறதே இல்லையேன்னேன்.

பத்து நாள்ல சந்தவை கண்ணு ரெண்டும் பால் ஊத்தின மாதிரி ஆச்சு. அப்புறம் தோல் உரிக்க ஆரம்பிச்சுது. ஒரே உறையாக் கழட்டிப் போடணுமாம். இது வெங்காயத் தோலாட்டம் துண்டு துண்டாப் பிஞ்சு, பாதி உடம்புலயே ஒட்டிட்டு நின்னுச்சு. ரெண்டாவது ஞாயித்துக்கிழமையும் சாப்பிடலை. மூணாவதும் சாப்பிடலை. நான் மூணு தடவையும் சாப்பிட்டுச்சுன்னுதான் சொன்னேன். கடைசித் தடவை, ஏப்பம் விட்டுச்சுன்னு கூடச் சேத்துச் சொன்னேன்.

மத்தியான சாப்பாடு முடிஞ்சு நாலு மணிக்கு மெஸ்ஸைக் கழுவி விட்டுட்டா எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வுங்க. அப்ப மேல போய் அது முன்னால உக்காந்து பேசிட்டு இருப்பேன். பாம்புக்குக் காது கிடையாதுன்னு யாமினி சொல்லியிருந்தா, அதனால தைரியமாப் பேசுவேன். முட்டி வலியைச் சொல்லுவேன். வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா மெஸ்ஸை மூடுன்னுருவார், அதனால அவர்கிட்டச் சொல்றதில்லை. யாமினியைப் பத்தியும் சொல்லுவேன். இந்தா பாரு, அவளும் நீயும் ஒரே ஜாதி, என் கையால ஒரு வாய் திங்க மாட்டீங்கறீங்க, நான் என்னடி உங்களுக்குக் கெடுதல் பண்ணினேன்னு ஒரு நாள் அழுதே போயிட்டேன். கொசு மிஷினு அப்படியே என்னையே பாத்துட்டு நின்னுச்சு.

அழுது மூக்கைச் சிந்திட்டுக் கீழ வந்து அரை மணி நேரம் கூட ஆகலைங்க. யாமினிகிட்ட இருந்து போன். அத்தை, சும்மா ஒரு செக்கப்புக்குச் சந்தவையை டாக்டர்கிட்டக் கொண்டு போங்க, நாளைக்குக் காலையில வரச் சொல்லி நான் பேசிட்டேன்னா. நான் அது சாப்பிடலைன்னு ஒரு வார்த்தை சொல்லலை, பாத்துக்குங்க. என்ன பொருத்தம் பாருங்க. எனக்கு நல்ல நேரம்.

இந்த டாக்டர் ஜெரால்டு இருக்காரே, அவரைச் சாதாரண ஆளுன்னு நினைச்சுராதீங்க. பெட்டியைத் திறக்கவே இல்லை. என் மூஞ்சியைப் பாத்தார். ஏம்மா, ஃபேனுக்குக் கீழ வெச்சிருக்கீங்களான்னார். தூக்கி வாரிப் போட்டுச்சு. மூடியைத் திறந்து திறந்து பாக்கறீங்களான்னார். மூணு வாரமாச் சாப்பிடலையான்னார். கையைப் பாத்துச் சொல்றவங்களைப் பாத்திருக்கேன், மூஞ்சியைப் பாத்துப் பாம்போட வயித்தைச் சொல்றவரை அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்புறம் பொறுமையா விளக்கினார். காத்து வறண்டா அதுக்குத் தோல் சரியாக் கழலாது. உடம்புத் தண்ணி வத்தும். தண்ணி வத்தினா பசிக்காது, தின்னாலும் செமிக்காது, செமிச்சாலும் வெளிய வராது. நம்ம கோயமுத்தூர் மாசி மாசக் காத்து அதுக்கு ஆகவே ஆகாது, தேங்கா நார்த்தூளை ஈரம் பண்ணிப் பரப்புங்கன்னார். கடைசியா ஒண்ணு சொன்னார். "நீங்க பாத்துட்டே இருந்தா அது சாப்பிடாதும்மா. சின்ன உசுரு, யாரோ முறைக்கறாங்கன்னு பயப்படும். வெச்சுட்டு, மூடிட்டு, அக்கட்டப் போயிடுங்க."

நார்த்தூளுக்கா பஞ்சம்? எங்க சின்ன நாத்தனாரைப் பொள்ளாச்சியிலதான் கொடுத்திருக்குது. ஒரு சாக்கு வந்து இறங்குச்சு. பரப்பி, உளுந்து ஊற வெக்கற மாதிரி ரெண்டு குடம் தண்ணி ஊத்தினேன். டயலு தொண்ணூத்தஞ்சு. அடிச்சோம்டா நூறுன்னு இருந்தேன். மறுநாள் காலையில டாக்டரே போன் பண்றாருங்க. ஏம்மா, தண்ணி ரொம்ப ஊத்திட்டீங்களா, அடிவயிறு புண்ணாயிரும், வடிச்சு விடுங்கங்கறார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அவரு இருக்கறது வடவள்ளி, பெட்டி இருக்கறது காந்திபுரம். பதம் சொல்லுங்க சாமின்னேன். கையில புடிச்சா புடியணும், தண்ணி சொட்டக் கூடாது, விட்டா உதிரணும்னார். அட, புட்டு மாவுப் பதம். அதை முதல்லயே சொல்லியிருந்தா இந்தக் கஷ்டமே இல்லை. பழசை அள்ளிப் போட்டுட்டு புட்டு மாவுப் பதத்துல புதுசாப் பெசறிப் பரப்பினேன். முள்ளு அறுபத்தஞ்சுல போய் உக்காந்துச்சு பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி. ஒட்டியிருந்த தோலெல்லாம் ரெண்டே நாள்ல வழுக்கிட்டு வந்துருச்சு.

நாலாவது ஞாயித்துக்கிழமை எலியை வெச்சேன், மூடினேன், துணியைப் போத்தினேன், கீழ வந்துட்டேன். கை சும்மா இருக்குமா? ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிச்சேன். அன்னிக்கு மெனுவுல வெங்காயமே இல்லை. ஒரு மணி நேரம் கழிச்சு மேல போனா, எலியைக் காணோம். சந்தவை நடு வயித்துல நெல்லிக்கா அளவுக்கு ஒரு மேடு.

எனக்குக் கால் தரையில படலைங்க. மத்தியானம் எல்லாருக்கும் இலைக்கு ரெண்டு கரண்டி பால் பாயசம். என்ன விசேசம் அக்கான்னு கேட்டாங்க. வாய் சும்மா இருக்காம, பேத்தி இன்னிக்குத்தான் வாய் திறந்து சாப்பிட்டான்னுட்டேன். எம்பையன் கல்லாவுல உக்காந்திருக்கான், ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கறாங்க. கல்யாணமாகி ஏழு மாசம். அவன் முழிச்ச முழி இருக்குதே.

சந்தோஷத்துலதான் தப்புப் பண்ணிட்டேன். தின்ன பின்னால ரெண்டு நாளைக்குத் தொடவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். நான் மறுநாளே எடுத்து மடியில போட்டு, அந்த மேட்டைத் தடவித் தடவிக் கொடுத்தேன். செமிக்கட்டும்னுதான். செவ்வாக்கிழமை போய்ப் பாத்தா, தின்ன எலியை அப்படியே வெளிய கக்கிப் போட்டிருக்குது. அந்த நாத்தம் பெருசில்லைங்க. அது கிடந்த கோலம். கழுத்துல பலமே இல்லாம, தண்ணிக் கிண்ணத்து மேல தலையை வெச்சுட்டு. என் கையாலேயே கொன்னுட்டேன்னு நினைச்சேன். போனை எடுத்து யாமினியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, நான் மூணு வாரமா உன்கிட்டப் பொய் சொன்னேன். அது சாப்பிடவே இல்லை. சாப்பிட்டதையும் நான்தான் கெடுத்துட்டேன்."

திட்டுவான்னு கண்ணை மூடிட்டு நின்னேனுங்க. "தெரியுங்க அத்தை"ன்னா, அவ்வளவுதான். குரல்லயே கண்டு புடிச்சிருக்கா பாருங்க, என்ன சூட்டிகையான புள்ள. அழாதீங்க, டாக்டர் பாத்துக்குவார்னு எனக்கே தைரியம் சொல்றா. அப்புறம் சொன்னா. "அத்தை, உங்க சமையல் எனக்குப் புடிக்கும். யாராவது பாத்துட்டே இருந்தா எனக்கும் சாப்பிட வராது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

எனக்கு மனசு கேக்கலைங்க. ஐயோ பாவம், உங்க வீட்டுல யாரு கண்ணு அப்படிப் பாத்துட்டே நின்னதுன்னு கேட்டேன். சந்தவைக்குத் தண்ணி மாத்தினீங்களான்னு பேச்சை மாத்திட்டா. பொறந்த வீட்டை விட்டுக் கொடுக்க மாட்டா. அவ்வளவு நல்ல புள்ள.

அதுல இருந்து தினமும் பேசுவா. இன்னொரு அதிசயம் கேளுங்க, ஒரு வாரத்துல எனக்கு ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா, முட்டிக்குப் போடற பட்டை ரெண்டு, ஒரு தைல பாட்டில். முட்டி வலிக்குதுன்னு இந்த ஊர்ல ஒரு ஆளுக்கு நான் சொன்னதில்லை. மனசுக்கு மனசு தெரியும்ங்கறது நெசந்தான். இதோ, இப்பக்கூட அதைத்தான் போட்டிருக்கேன்.

கக்கினதுக்கு டாக்டர் ஒரு தண்டனை கொடுத்தாருங்க. பதினாலு நாளைக்கு ஒண்ணுமே போடக் கூடாது, குடல் ஆறணும்னார். அதுக்குத் தண்டனையா எனக்கா? மெஸ்காரி வீட்டுல ஒரு உசுரைப் பட்டினி போட்டு வெச்சிருக்கேன்னு எனக்குச் சோறே இறங்கலை. எம்பையன், ஏம்மா ஒரு இட்லியாவது தின்னுன்னு பக்கத்துல நின்னு கெஞ்சினான். எரிச்சலா வந்துச்சு, அக்கட்டப் போடான்னுட்டேன்.

பதினஞ்சாவது நாள் இருக்கறதுலயே சின்ன எலியா ஒண்ணு. வெச்சேன், மூடினேன், வந்துட்டேன். தின்னுச்சு. கையை முதுகுக்குப் பின்னால கட்டிட்டுத்தான் ரூமுக்குள்ளயே போனேன். தின்னது வயித்துல நின்னுருச்சு. அடுத்த வாரம் ஒண்ணு, அதுக்கடுத்த வாரம் ஒண்ணு. தெம்பாயிருச்சு. ஆனா, உள்ள போனது வெளிய வரணுமில்லைங்க? மூணு வாரமா ஒண்ணையும் காணோம். தினமும் காலையில எந்திரிச்சதும் சாமி விளக்குக்கு முன்னால அந்தப் பெட்டியைத்தான் போய்ப் பாப்பேன். நார்த்தூளைக் கரண்டியால கிளறிப் பாப்பேன். ஒண்ணுமில்லை. வயித்துக் கடைசியில கல்லாட்டம் ஒரு வீக்கம். டாக்டர்கிட்டக் கேட்டதுக்கு, வெதுவெதுன்னு தண்ணியில, அது முதுகு முங்காத அளவுக்கு, இருபது நிமிசம் விடுங்கன்னார். நேத்துச் சாயங்காலம் விட்டேன். சின்னக் குழந்தைக்கு ஊத்தற பதம். தண்ணியில மெல்ல ஒரு சுத்துச் சுத்தி வந்துச்சு, அவ்வளவுதான்.

இன்னிக்குக் காலையில ஆறு மணி. மூடியைத் திறக்கறேன். போயிருச்சுங்க. கறுப்பா, கட்டியா, ஒரு விரல் நீளம், பக்கத்துலயே வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி மாதிரி. அந்த வெள்ளை அதோட மூத்திரமாம், அப்படித்தான் கட்டியா வரணுமாம், வந்தா உடம்பு சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம். நான் மாடியில தனியா நின்னு கை தட்டினேன். அதைத்தான் இந்தக் குட்டி டப்பாவுல அள்ளிட்டு வந்திருக்கேன்.

உடனே யாமினிக்கு அனுப்பணுமே. போட்டோ எடுத்தேன். கூடவே பேசியும் அனுப்பினேன். கண்ணு, வந்துருச்சு, மூணு வாரமா எதிர்பாத்தது, நேத்துச் சாயங்காலம் வெதுவெதுன்னு தண்ணியில இருபது நிமிசம் வெச்சேன், காலையில பாத்தா கட்டியா, அம்சமா வந்துருச்சு, இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சுன்னு.

தினமும் அந்த நேரத்துக்குத்தான் நம்ம மெஸ் வாட்ஸ்அப் குரூப்புல அன்னிக்கு மெனுவைப் போட்டோவோட போடுவேன். இருநூத்திப் பதினாலு பேரு. பழகின விரல், நேரா அங்கதான் போயிருக்குது.

கீழ வந்து அடுப்புப் பத்த வெக்கறேன், டிங் டிங்னு அடிக்குது. பாங்குல வேலை செய்யற புள்ள ஒண்ணு, அக்கா புது அயிட்டமா, ராகிக் களியான்னு கேட்டிருக்குது. ஒருத்தரு, அந்த வெள்ளை தேங்காச் சட்னிதானேன்னு. அஞ்சு பேரு கட்டை விரலைத் தூக்கியிருக்காங்க. ஆடிட்டர் ஆபீசுல இருந்து மூணு பார்சல் வேணுமாம்.

அம்மிணி, சிரிக்காதீங்க. பூனை பயப்படுது பாருங்க. எனக்கு அப்பச் சிரிப்பு வரலை, அடுப்புக்கு முன்னால அப்படியே உக்காந்துட்டேன். எம்பையன் போனைக் கையில புடிச்சுட்டு வந்தான், மூஞ்சியில ரத்தமே இல்லை. அழிச்சிரலாம்மான்னான். எதைடா அழிக்கறது, நூத்தி அறுபது பேரு பாத்தாச்சு. இனி மறைச்சா இன்னும் அசிங்கம்னு அந்தக் குரூப்புலயே பேசினேன். சாமிகளா, அது சாப்பிடற பண்டமில்லை. மாடியில எம்மருமகளோட பாம்பு ஒண்ணு வளருது, அது வெளிக்குப் போனது. சமையக்கட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வர்றவங்க வாங்க, வராதவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுப் போனைக் குப்புறக் கவுத்து வெச்சுட்டேன்.

பதினேழு நிமிசம், எண்ணிட்டே இருந்தேன். அப்புறம் எடுத்துப் பாத்தா, பத்தொம்பது வருசமா நம்மகிட்டச் சாப்பிடற வாத்தியார் ஒருத்தரு, ரிட்டையர் ஆகி இப்பவும் தினமும் வர்றார், அவரு எழுதியிருக்கார், வெளிக்குச் சுலபமாப் போச்சுங்களா, அதான் முக்கியம்னு. அதுக்குக் கீழ ஒருத்தர், மூணு வாரம்னா பெரிய கஷ்டமாச்சேன்னு. வெதுவெதுன்னு தண்ணி எத்தனை நிமிசம்க்கான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், அவருக்கே வேணும்போல இருக்குது. காலை டிபனுக்கு ஒரு இலை குறையலைங்க. குறையலைன்னா, ரெண்டு பேரு வரலை. அவங்களை நான் வீட்டுல போய்ப் பாத்துக்கறேன், விட மாட்டேன். மத்தவங்க எல்லாரும் கை கழுவிட்டுப் பாம்பைக் காட்டுக்கான்னு வரிசையில நிக்கறாங்க. காட்ட மாட்டேன்னுட்டேன். ஆளாளுக்குப் போய் முறைச்சா அது சாப்பிடுமா?

இங்க வர ஆட்டோ ஏறும்போது யாமினி கூப்பிட்டா. பிரகதீசு எல்லாத்தையும் அனுப்பி விட்டிருக்கான். போன்ல வார்த்தையே வரலை, விக்கற சத்தம்தான் கேட்டுச்சு. அழறாளோன்னு பதறிப் போயிட்டேன். கண்ணு, என்ன கண்ணு, மெஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகலை சாமின்னேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, சிரிக்கறா. அவ சிரிச்சு நான் கேட்டதே இல்லைங்க. அம்மிணி, ஒரு புள்ள என் வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, அவ சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இருந்திருக்குது. நானும் ஆட்டோவுல உக்காந்து சிரிக்கறேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில பாக்கறார்.

சிரிச்சு முடிச்சுட்டு, நாளன்னிக்கு மத்தியானம் வந்துருவேன் அத்தை, வேலை முடிஞ்சுதுன்னா. அப்புறம், "அத்தை, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெக்கறீங்களா? வர்ற வழியெல்லாம் அதே நெனப்பா இருக்கும்"னா.

கேட்டாளுங்க. வாயைத் திறந்து, என்கிட்ட, சோறு கேட்டா.

அதோ, சிஸ்டர் கூப்பிடறாங்க. இந்தப் பையை எடுத்துக் கொடுங்க கண்ணு. உங்க பூனைக்கு ஒண்ணும் ஆகாது, டாக்டர் மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவார். நான் முடிவு பண்ணிட்டேன். நாளன்னிக்கு அரிசிம்பருப்பு ஆக்கி, நெய்யை ஊத்தி, மேசையில வெச்சுட்டு நான் மொட்டை மாடிக்குப் போயிருவேன். ஒரு மணி நேரம் கீழயே வர மாட்டேன். நடுவுல ஒரே ஒரு தடவை, ஜன்னல் வழியா, ரெண்டாவது கரண்டி போட்டாளான்னு மட்டும் பாத்துக்கறேன்.